மடங்கின விரல், உள்ளங்கையில கயிறு – வாசகர் கேள்விகளுக்கு கை சர்ஜன் பதில்

போன இதழ்ல சுகர் இருக்கறவங்க கைய எப்படி பாத்துக்கணும்னு எழுதறப்போ, உள்ளங்கை தோலுக்கு அடியில கயிறு மாதிரி தடிச்சு விரல் மடங்கிப் போற பிரச்னையப் பத்தி நாலு வரி போற போக்குல சொல்லியிருந்தேன். அதுக்கு வந்த கேள்விகளப் பாத்தா, பேரே தெரியாம இத வச்சுக்கிட்டு வருஷக்கணக்கா எத்தன பேர் இருக்காங்கன்னு புரியுது, அதனால இந்த முறை முழுக்க இது ஒண்ணுதான்.

வணக்கம் டாக்டர். ரிட்டயர்டு வாத்தியார் நான், வயசு 63. வலது கையில மோதிர விரலுக்கு நேர் கீழ உள்ளங்கையில ஒரு முடிச்சு நாலு வருஷம் முன்னாடி வந்துச்சு, வலி இல்ல, விட்டுட்டேன். இப்போ அது கயிறு மாதிரி நீண்டு விரல் மடங்கி நிக்குது. நிமித்தவே முடியல. முகம் கழுவும்போது விரல் கண்ணுல குத்துது, சோறு பிசையறதே கஷ்டமா இருக்கு. நரம்பு சுருண்டுக்கிச்சுன்னு சொல்லி ஒருத்தர் மூணு மாசம் எண்ணெய் போட்டு நீவி விட்டார், ஒரு பலனும் இல்ல. – வாசகர், சேலம்

ஐயா, முதல்ல அந்த நீவறத நிறுத்திடுங்க. இது நரம்பு இல்ல, விரல இழுத்து மடக்கற தசைநாணும் இல்ல. உங்க உள்ளங்கை தோலுக்கும் உள்ள இருக்கற தசைநாணுக்கும் நடுவுல விசிறி மாதிரி விரிஞ்ச ஒரு மெல்லிசு நார்ப்படலம் எல்லாருக்கும் இருக்கு. நாம ஒரு பொருள இறுக்கிப் புடிக்கும்போது உள்ளங்கை தோல் வழுக்காம இருக்கறது அதனாலதான், முழங்கை தோல் மாதிரி உள்ளங்கை தோல் கிள்ளினா இழுபடாதில்ல, அதுக்குக் காரணம் இந்தப் படலம்தான். சிலருக்கு இது தடிக்க ஆரம்பிக்குது. முதல்ல ஒரு முடிச்சு, இல்ல தோல் உள்ள இழுத்த மாதிரி ஒரு சின்ன குழி, அப்புறம் அங்கேருந்து விரலுக்குள்ள ஒரு கயிறு, அந்தக் கயிறு மாசத்துக்கு மாசம் சுருங்க சுருங்க விரல் கூடவே மடங்குது. மோதிர விரலும் சுண்டு விரலும்தான் அதிகமா மாட்டும்.

இதுக்கு டூப்பிட்ரன் கான்ட்ராக்சர்னு பேர். பாரிஸ்ல ஒத்தேல் டியூ ஆஸ்பத்திரியில இருந்த கியோம் டூப்பிட்ரன்ங்கற சர்ஜன் 1831ல ஒரு ஒயின் வியாபாரியோட கைய ஆபரேஷன் பண்ணி, குத்தம் தசைநாண்ல இல்ல இந்தப் படலத்துலதான்னு விளக்கினார், அவர் பேரே நின்னுடுச்சு. ஆனா அவருக்கு முன்னாடியே லண்டன்ல ஹென்றி கிளைன்ங்கற சர்ஜன் 1777லயே இறந்தவங்க கைய அறுத்துப் பாத்து இதையேதான் கண்டுபிடிச்சிருந்தார், அவரோட மாணவர் ஆஸ்ட்லி கூப்பர் 1822ல, மெல்லிசு கத்திய தோலுக்கு அடியில விட்டு அந்தக் கயிற மட்டும் அறுத்தா போதும்னு எழுதி வச்சுட்டார். நீங்க கேக்கப் போற ஊசி வைத்தியத்தோட மூலம் அதுதான், அத கீழ சொல்றேன்.

இப்போ நீங்க பண்ண வேண்டியது ஒரு சின்ன சோதனை. சாப்பாட்டு மேசை மேல கைய குப்புற வைங்க, உள்ளங்கையும் எல்லா விரலும் பலகையில படியுதான்னு பாருங்க. படிஞ்சா அவசரம் இல்ல, கவனிச்சுட்டு இருக்கலாம். விரலுக்கும் பலகைக்கும் நடுவுல ஒரு பேனா நுழையற அளவு இடைவெளி இருந்தா கை சர்ஜன்கிட்ட காட்டற நேரம் வந்தாச்சு. நீங்க எழுதினத வச்சுப் பாத்தா உங்களுக்கு அந்த நேரம் எப்பவோ வந்துடுச்சு ஐயா, ஆனா காலம் கடந்துடுச்சான்னு சொல்லணும்னா எந்த மூட்டு மடங்கியிருக்குன்னு பாக்கணும்.

இந்த இடத்த தயவுசெஞ்சு எல்லாரும் நிதானமா படிங்க, வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு இது தெரியாததாலதான் விரல் போயிடுது. விரல் உள்ளங்கையோட சேர்ற அடி மூட்டு மட்டும் மடங்கியிருந்தா பயமே வேண்டாம், அந்த மூட்டோட பக்கவாட்டு நாருங்க மடங்கின நிலையிலதான் நல்லா இழுத்து நீண்டு இருக்கும், அதனால எத்தன வருஷம் கழிச்சு கயிற அறுத்தாலும் அது நேராகிடும். நடு மூட்டு அப்படி இல்ல. அது மடங்கியே கிடந்தா அதச் சுத்தி இருக்கற உறையும் நாருங்களும் சேர்ந்து சுருங்கி இறுகிடும், அப்புறம் கயிற எடுத்தாலும் மூட்டு நிமிராது. என்கிட்ட ஒரு பெரியவர் வந்தார், சுண்டு விரல் நடு மூட்டு ‘ட’னா மாதிரி மடங்கி ஏழு வருஷம், நகம் உள்ளங்கையில பதிஞ்சு புண்ணே ஆகியிருந்துச்சு. அதுவரைக்கும் அவருக்கு நரம்புத் தளர்ச்சின்னு சொல்லி வைட்டமின் மாத்திரைதான் குடுத்துட்டு இருந்தாங்க. கயிற முழுசா எடுத்தும் பாதிதான் நிமிர்ந்துச்சு, அவர் அதுக்கே கையெடுத்துக் கும்பிட்டார், எனக்குத்தான் மனசு ஆறல. முதல் வருஷமே வந்திருந்தா ஒரு ஊசியில முடிஞ்சிருக்கும்.

அதனால கணக்கு இதுதான், அடி மூட்டு சுமார் 30 டிகிரி மடங்கினா வைத்தியம் பத்தி பேச ஆரம்பிக்கலாம், நடு மூட்டு மடங்க ஆரம்பிச்சுதுன்னா டிகிரி பாக்காம வந்துடுங்க.

எங்க அம்மாவுக்கு ரெண்டு விரல் மடங்கியிருக்கு. சொந்தக்காரங்க சிலர் குஷ்டமா இருக்கும்னு பேசறாங்க, வீட்ல தங்கச்சி கல்யாணப் பேச்சு நடக்குது, அம்மா வெளிய வரவே மாட்டேங்கறாங்க. எப்படி கண்டுபிடிக்கறது? – வாசகி, தென்காசி பக்கம்

அம்மா கைய நீங்களே மடியில வச்சுப் பாருங்கம்மா. மடங்கின விரல உங்க கையால மெதுவா நிமித்திப் பாருங்க. டூப்பிட்ரன்ல நீங்க இழுத்தாலும் நிமிராது, உள்ளங்கையில கயிறு விண்ணுன்னு எழும்பி நிக்கும், விரல் நுனியில தொட்டா உணர்ச்சி நல்லா இருக்கும். தொழுநோயில நரம்பு பாதிச்சு விரல் மடங்கினா ஆரம்பத்துல நாம நிமித்தினா நிமிரும், விட்டா திரும்ப மடங்கும், அடி மூட்டு பின்பக்கமா வளைஞ்சு நடு மூட்டு மடங்கி நகம் மாதிரி நிக்கும், உள்ளங்கையில கயிறு இருக்காது, சுண்டு விரல் பக்கம் மரத்துப் போயிருக்கும், சில சமயம் உடம்புல உணர்ச்சியில்லாத வெளிறின தேமலும் இருக்கும். இத நீங்க பாக்கறது பயத்தக் குறைக்க மட்டும்தான், டாக்டர்கிட்ட காட்டாம விட்டுடாதீங்க.

இன்னொண்ணும் சொல்லணும். அது தொழுநோயாவே இருந்தாலும் கூட மறைக்க வேண்டிய விஷயம் இல்ல, ஆறு மாசத்துலேர்ந்து ஒரு வருஷம் மாத்திரை சாப்பிட்டா குணமாகும், மாத்திரையும் இலவசம். அந்த நோயில மடங்கின விரல்கள தசைநாண மாத்திப் பொருத்தி நிமித்தலாம்னு உலகத்துக்கே காட்டினது நம்ம வேலூர் சிஎம்சில 1940கள் கடைசியில வேலை பாத்த பால் பிராண்ட் டாக்டர்தான். அம்மாவ வெளிய கூட்டிட்டு வாங்க. டூப்பிட்ரன்னா யாருக்கும் தொத்தாது.

ஊசியாலயே சரி பண்ணலாம்னு சொன்னாங்க, கத்தி வைக்காம எப்படி முடியும்? மயக்க மருந்து குடுப்பாங்களா, வலிக்குமா? எனக்கு ரத்தம் உறையாம இருக்க மாத்திரை வேற ஓடுது. – வாசகர், டொரண்டோ

மயக்கம் குடுக்க மாட்டாங்க, குடுக்கவும் கூடாது, ஏன்னு சொல்றேன்.

கூப்பர் சொன்னத 1970கள்ல பாரிஸ்ல இருந்த மூட்டு நோய் டாக்டருங்க, அதாவது சர்ஜன்களே இல்ல, லெர்முசியோங்கறவரும் அவரோட குழுவும் கத்திக்குப் பதிலா சாதா ஊசிய வச்சுப் பண்ண ஆரம்பிச்சாங்க. அங்கேருந்துதான் ஐரோப்பா, அமெரிக்கா எல்லாம் பரவுச்சு, இங்கிலாந்துல எந்த வைத்தியம் சரின்னு வழிகாட்டற நைஸ் அமைப்பு 2004ல இதுக்கு வழிகாட்டுதலே போட்டுச்சு. ஊசி அறுவைன்னு வச்சுக்கோங்க.

நீங்க படுத்துக்குவீங்க, கைய பக்கவாட்டு பலகையில மல்லாத்தி நீட்டி வைப்பாங்க. சர்ஜன் கயிறு எங்க நல்லா எழும்பி நிக்குது, தோல் எங்க கயிறோட ஒட்டாம இளகி இருக்குன்னு பாத்து ஸ்கெட்ச் பேனாவால புள்ளி வைப்பார். விரல் மடிப்புக் கோட்டுல மட்டும் புள்ளி வைக்க மாட்டார், அங்க குத்தினா நிமித்தும்போது தோல் கிழியும். அந்தப் புள்ளியில துளியூண்டு மரப்பு மருந்து தோலுக்குள்ள மட்டும், ஆழமா இல்ல. இங்கதான் விஷயம் இருக்கு, இந்தக் கயிறு சில பேருக்கு விரல் நரம்ப சுத்திக்கிட்டு அத நடுவுக்கும் மேலுக்கும் இழுத்து வச்சிருக்கும், நரம்பு இருக்க வேண்டிய இடத்துல இருக்காது. நரம்பையும் சேத்து மரக்க வச்சுட்டா ஊசி அதத் தொட்டாலும் உங்களுக்குத் தெரியாது. மரக்காம இருந்தா விரல் நுனி வரைக்கும் சுரீர்னு கரண்ட் ஓடும், நீங்க ‘ஆ டாக்டர்’ம்பீங்க, அவர் உடனே ஊசிய எடுத்து வேற இடத்துக்குப் போவார். அந்த அறையில நரம்பக் காப்பாத்தறது நீங்கதான்.

அப்புறம் ஊசி உள்ள போகும். அதோட நுனி சாய்வா வெட்டின கூர் இல்லையா, அதத்தான் குட்டிக் கத்தி மாதிரி பயன்படுத்தி கயிற குறுக்கால கொஞ்சம் கொஞ்சமா கொத்தி அறுப்பாங்க. நடுநடுவுல ‘விரல் நுனிய ஆட்டுங்க’ம்பார், நீங்க ஆட்டும்போது ஊசியும் சேந்து ஆடினா அது தசைநாணுக்குள்ள போயிருக்குன்னு அர்த்தம், உடனே வெளிய இழுத்துடுவார். ஆடலன்னா சரியான இடம். கயிறு அறுபடும்போது காதுல கேக்குதோ இல்லையோ கையில தெரியும், நரநரன்னு இருக்கும், பச்ச பாகற்காய நறுக்கற மாதிரின்னு ஒரு அம்மா சொன்னாங்க, அதவிட சரியா நான் சொல்ல முடியாது. கடைசியில சர்ஜன் விரலப் புடிச்சு நிமித்துவார், மிச்சம் இருக்கற இழை படக்குன்னு விடும், விரல் நேரா வந்துடும். பல வருஷம் கழிச்சு தன் விரல நேரா பாக்கறவங்க முகத்தப் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன், சில பேர் அழுதுடுவாங்க.

மொத்தம் அரை மணி நேரம். தையல் இல்ல, சின்ன கட்டு மட்டும். ரத்தம் உறையாம இருக்கற மாத்திரைய பெரும்பாலும் நிறுத்த வேண்டியதில்ல, இதய நோயாளிகளுக்கும் வயசானவங்களுக்கும் இது பெரிய வசதி, ஆனா உங்க டாக்டர்கிட்ட மாத்திரை பேர கட்டாயம் சொல்லுங்க, நீங்களா நிறுத்தவும் செய்யாதீங்க. ஆபத்துன்னு பாத்தா தோல் கிழியறதுதான் சகஜம், அது தானா ஆறிடும். நரம்போ தசைநாணோ அறுபடறது அரிது, ஆனா நடந்தா பெரிய ஆபரேஷன் தேவைப்படும், அதனால கை வைத்தியத்துல பழகின ஆள்கிட்டதான் போகணும். விலை குறைவுன்னு எங்கயாவது போயிடாதீங்க.

ஊசி போட்டா திரும்ப வராதுன்னு உத்தரவாதம் உண்டா? – வாசகர், கோவை

இல்ல சார், திரும்ப வரும். இத மறைச்சு யாராவது உங்ககிட்ட பேசினா நம்பாதீங்க.

ஊசி கயிற அறுக்குது, வெளிய எடுக்கறது இல்ல, நோய் அங்கயேதான் இருக்கு. நெதர்லாந்துல ரெண்டு முறையையும் நேருக்கு நேர் வச்சு அஞ்சு வருஷம் பின்தொடர்ந்து 2012ல வெளியிட்டாங்க, ஊசி அறுவை பண்ணவங்கள்ல சுமார் 85 சதவீதம் பேருக்கு திரும்ப வந்துச்சு, கயிறையே வெட்டி எடுக்கற ஆபரேஷன்ல 21 சதவீதம். பின்லாந்துல 302 பேர வச்சு ஊசி அறுவை, கயிற கரைக்கற மருந்து ஊசி (அத அடுத்த பதில்ல சொல்றேன்), ஆபரேஷன் மூணையும் ஒப்பிட்டாங்க, மூணு மாசத்துல மூணும் கிட்டத்தட்ட ஒரே பலன், ரெண்டு வருஷம் ஆனப்போ ஆபரேஷன் தெளிவா முன்னாடி நின்னுச்சு.

இதக் கேட்டதும் அப்போ ஊசி எதுக்குன்னு தோணும். ஆபரேஷன்னா உள்ளங்கைய வளைவு வளைவா திறந்து, நரம்பு ரத்தக்குழாய் ஒவ்வொண்ணா பிரிச்சு கயிற எடுக்கணும், ரெண்டு வாரம் தையல், கை பழையபடி வர ஒண்ணுலேர்ந்து மூணு மாசம், வீக்கமும் விறைப்பும் சில பேருக்கு நீளும். ஊசின்னா ஒரு வாரத்துல வேலைக்குப் போகலாம், திரும்ப வந்தா திரும்பப் பண்ணிக்கலாம். ஆபரேஷன் பண்ண இடத்துல மறுபடி ஆபரேஷன்னா தழும்புக்கு நடுவுல நரம்பத் தேடறது ரொம்பக் கஷ்டம். என்னோட அபிப்பிராயம் கேட்டா, 70 வயசு, அடி மூட்டு மட்டும் மடங்கியிருக்கு, தெளிவா ஒரே ஒரு கயிறுன்னா ஊசிதான், யோசிக்கவே மாட்டேன். 45 வயசு, நடு மூட்டு நல்லா மடங்கியிருக்கு, அப்பாவுக்கும் இருந்துச்சு, ரெண்டு கையிலயும் இருக்கு, பாதத்துலயும் முடிச்சு இருக்குன்னா அவங்களுக்கு நோய் வேகமா திரும்பும், ஆபரேஷனப் பத்தி உட்கார்ந்து பேசுவேன். நடுவுல இருக்கறவங்களுக்கு ரெண்டையும் சொல்லி அவங்களையே முடிவெடுக்க விடுவேன், பத்து வருஷத்துல மூணு தடவ ஊசி போட்டுக்கிட்டாலும் பரவால்ல ஒரு தடவகூட கத்தி வேண்டாம்னு சொல்றவங்களும் இருக்காங்க, அதுவும் நியாயமான முடிவுதான்.

நியூ ஜெர்சில இருக்கற என் பையன், கயிற கரைக்கற மருந்து ஊசி அங்க இருக்குன்னு சொல்றான். அங்க போய் போட்டுக்கலாமா? – வாசகி, திருச்சி

இருக்கும்மா. ஒரு பாக்டீரியாவுலேர்ந்து எடுக்கற கொலாஜனேஸ்ங்கற நொதி அது, கயிற்றோட முக்கியப் பொருளான கொலாஜன அரிச்சு பலவீனமாக்கும். ஒருநாள் கயிறுக்குள்ள போடுவாங்க, மறுநாளோ ரெண்டு மூணு நாள்லயோ வரச் சொல்லி விரல இழுத்து நிமித்துவாங்க. 2009ல 308 பேர வச்சு நடந்த சோதனையில மருந்து போட்டவங்கள்ல 64 சதவீதம் பேருக்கு விரல் கிட்டத்தட்ட முழுசா நேராச்சு, ஒப்பிடறதுக்காக மருந்தே இல்லாத போலி ஊசி போட்டவங்கள்ல 7 சதவீதம்கூட இல்ல. 2010ல அமெரிக்காவுல ஜியாஃப்ளெக்ஸ்ங்கற பேர்ல அனுமதி குடுத்தாங்க. ஐரோப்பாவுலயும் வந்துச்சு, ஆனா 2020ல கம்பெனியே வியாபாரக் காரணம்னு சொல்லி அங்கேருந்து எடுத்துடுச்சு.

கையில நல்லா வீங்கும், கன்னிப்போகும், அந்தச் சோதனையிலயே ரெண்டு பேருக்கு தசைநாண் அறுந்துச்சு. விலையும் ஜாஸ்தி, இன்ஷூரன்ஸ் இல்லாம அமெரிக்காவுல போட்டுக்கறது சாதாரணக் குடும்பத்துக்கு தாங்காது. சாதா ஊசி அறுவையில கிடைக்கற பலனவிட பெரிசா ஒண்ணும் அதிகம் இல்லங்கறதால, பேரன் பேத்தியப் பாக்கப் போங்க, இதுக்காக மட்டும் போக வேண்டாம்னுதான் சொல்வேன். சென்னையில ஸ்டான்லி அரசு மருத்துவமனையில கை அறுவைக்குன்னே தனித் துறை இருக்கு, முதல்ல அந்த மாதிரி இடத்துல ஒரு தடவ காட்டுங்க.

சுகர் 15 வருஷமா இருக்கு. கும்பிட்டா ரெண்டு கையும் ஒட்ட மாட்டேங்குது. இதுவும் அதுதானா? – வாசகர், மதுரை

அதுவா இருக்கலாம், வேறயாவும் இருக்கலாம். சுகர் நாளானா கைத் தோலும் மூட்டும் மொத்தமா விறைச்சு, கும்பிடும்போது எல்லா விரலுக்கும் நடுவுல சந்து தெரியும், அதுல உள்ளங்கையில கயிறு இருக்காது. இன்னொண்ணு விரல் டக்குனு மாட்டிக்கிட்டு சொடக்குப் போட்ட மாதிரி விடறது, காலையில ஜாஸ்தியா இருக்கும், அது தசைநாண் உறை தடிக்கறது, ட்ரிகர் ஃபிங்கர்ம்பாங்க, வைத்தியம் வேற. டூப்பிட்ரனும் சுகர் இருக்கறவங்களுக்கு அதிகமா வரும், ஆனா பெரும்பாலும் நடு விரல், மோதிர விரல்ல முடிச்சோட நின்னுடும், விரல் ரொம்ப மடங்கறது குறைவு. கையத் தடவிப் பாத்து முடிச்சோ குழியோ கயிறோ இருந்தா எழுதுங்க.

இது எதனால வருது? லண்டன்ல ரோடு வேலையில 20 வருஷமா ட்ரில் மெஷின் புடிக்கறேன், மேஸ்திரி இது வெள்ளக்காரங்க வியாதிங்கறார். – வாசகர், ஈஸ்ட் ஹாம்

தம்பி, அவர் சொல்றதுல பாதி உண்மை. வட ஐரோப்பா ஆளுங்களுக்கு இது ரொம்ப ஜாஸ்தி, வைக்கிங் வியாதின்னே பேர் உண்டு, மார்கரெட் தாட்சரும் ரொனால்ட் ரீகனும் இதுக்கு ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க. 2023ல வந்த ஒரு மரபணு ஆராய்ச்சியில 7,800 பேருக்கு மேல நோயாளிகளப் பாத்து இதோட சம்பந்தப்பட்ட 61 மரபணு மாற்றங்களக் கண்டுபிடிச்சாங்க, அதுல மூணு, எப்பவோ அழிஞ்சு போன நியாண்டர்தால்ங்கற பழைய மனுஷ இனத்துகிட்டேருந்து வந்தது. ஆனா நமக்கும் வரும். நம்மவங்களுக்கு குறைவுங்கறதாலயே டாக்டருங்களுக்கும் சட்டுனு தோணறது இல்ல, அதுதான் நமக்கு நஷ்டம். வயசு, குடும்பம், சுகர், குடி, சிகரெட் எல்லாமே பங்கு போடுது.

அதிர்ற மெஷினும்தான். உங்க நாட்டு அரசாங்கமே 2019 டிசம்பர்லேர்ந்து இத தொழில் நோய்ப் பட்டியல்ல சேத்திருக்கு, பல வருஷம் அதிர்வு மெஷின்ல வேலை பாத்து விரல் நிரந்தரமா மடங்கிட்டா உதவித்தொகைக்கு மனு போடலாம். எந்த வருஷம் எந்த மெஷின், ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம்னு இன்னைக்கே எழுதி வைங்க, கம்பெனி மாறினா பேப்பர் கிடைக்காது.

விரல் இன்னும் மடங்கல, முடிச்சு மட்டும் இருக்கு. மாத்திரை உண்டா? – வாசகி, ஈரோடு

இப்போதைக்கு இல்லம்மா. ஆக்ஸ்போர்டுல அடலிமுமாப்ங்கற மருந்த முடிச்சுக்குள்ளயே ஊசியா போட்டுப் பாத்தாங்க, முடிச்சு மெதுவாச்சு, சின்னதாச்சுன்னு 2022ல வந்துச்சு, எனக்கும் ஆவலா இருக்கு, ஆனா விரல் மடங்கறத அது தடுக்குமாங்கறதுதான் கேள்வி, எல்லாருக்கும் குடுக்கற வைத்தியமா அது வரல. முடிச்சு மட்டும்தான்னா பல பேருக்கு அப்படியே நின்னும் போகும். மேசை சோதனைய மாசம் ஒருக்கா பண்ணுங்க, போதும்.

போன மாசம் ஊசி அறுவை பண்ணிக்கிட்டேன், விரல் நேராயிடுச்சு, ரொம்ப சந்தோஷம். இனி என்ன பண்ணணும், என்ன பண்ணக்கூடாது? – வாசகர், புதுச்சேரி

கேக்கவே சந்தோஷமா இருக்கு சார். முதல் ஒரு வாரம் கைய நெஞ்சுக்கு மேல தூக்கி வைக்கறது, கனம் தூக்காம இருக்கறது எல்லாம் உங்களுக்கு முடிஞ்சிருக்கும். ராத்திரி போட்டுக்க, விரல நேரா புடிச்சு வைக்கற ஸ்ப்ளின்ட் குடுத்திருந்தா சொன்ன நாள் வரைக்கும் போடுங்க, அது எல்லாருக்கும் அவசியமான்னு டாக்டருங்களுக்குள்ளயே ஒத்த கருத்து இல்ல, ஆனா நடு மூட்டு மடங்கியிருந்தவங்களுக்கு நான் குடுக்கறேன். பகல்ல விரல மடக்கி நிமித்தற பயிற்சிய விடாதீங்க, வலிக்கற அளவு இழுக்காம பண்ணுங்க. விரல் நுனி மரத்த மாதிரி இருந்தா, இல்ல விரல் தானா மடங்கவே மாட்டேங்குதுன்னா உடனே பண்ணின டாக்டர்கிட்டயே போங்க.

இன்னைக்கு கைய சாப்பாட்டு மேசையில குப்புற வச்சு பக்கவாட்டுலேர்ந்து ஒரு போட்டோ எடுத்து போன்ல தேதியோட வச்சுக்கோங்க, ஆறு மாசத்துக்கு ஒருக்கா அதே மேசையில அதே மாதிரி இன்னொண்ணு எடுங்க, ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிஞ்ச அன்னைக்கு அந்த ரெண்டு போட்டோவையும் எடுத்துக்கிட்டு வாங்க.